ஆசனத்தில் ஒட்டிய பசை

ஒன்றை மற்றொன்றோடு ஒட்டுவதற்கு ஒரு நொடிப்பொழுது போதும். ஒட்டியதை வடுவின்றிப் பிரிப்பதற்கோ பொறுமையும் வேண்டும், பொருளறிவும் வேண்டும். இவ்வுண்மையை நம்மவரிற் பலர் கலியாணம் முடிந்த மறுநாட் காலையிலேதான் உணர்கின்றனர். மணமக்களை ஏற்றும் காரைப் பூவாலும் பட்டுநாடாவாலும் அலங்கரிப்பது எங்கும் பரவிவிட்ட வழக்கம். வெளிப்புறத்தோடு நில்லாமல், உள்ளே ஆசனங்களின் முதுகிலும் கதவின் உட்புறத்திலும் நாடாக்களைச் செலோரேப்பினால் ஒட்டிவிடுகின்றனர். விழா முடிகின்றது, பூ வாடுகின்றது, நாடா பிடுங்கப்படுகின்றது. பசை மாத்திரம் அங்கேயே இருந்து, ஏறுபவர் ஆடையிலெல்லாம் பற்றி, தெருத் தூசியைத் தன்பால் ஈர்த்து, சில கிழமைகளுள் கரிய தழும்பாக மாறிவிடுகின்றது.

இது கலியாணக் காருக்கு மாத்திரம் உரிய துன்பமன்று. சிறுவர் மென்று ஒட்டிவிட்ட சுவிங்கம், வெயிலில் உருகிய தொபி, சிந்திய குளிர்பானம், பிள்ளைகள் ஒட்டி விளையாடிய படங்கள், சந்தையிலிருந்து ஏற்றிவந்த பலாப்பழத்தின் பால் எனக் காரின் ஆசனத்தை நாடிவரும் பசைகள் பல. அவற்றை நீக்கும் வழி யாது என்று வாசக அன்பர் சிலர் வினவியுள்ளனர். வினா சிறிதெனினும் அதன் பின்னே நிற்கும் பொருள் சிறிதன்று.

நம் நாட்டில் வாகன இறக்குமதி 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் உள்ள கார்களே முதுமை எய்தின. அவற்றின் விலையோ ஏறியது. ஆகவே பழைய காரொன்றைப் பேணுவது ஆடம்பரமன்று. குடும்பத்தின் முதலைக் காப்பதாகும். வாடகைக்குக் காரோட்டும் ஒருவருக்கோ அவ்வாசனமே அடுப்பெரிக்கும் விறகு.

எனக்குத் தெரிந்த சாரதி ஒருவரின் காரிலே கலியாண நாடாவின் பசை பின்னாசனத்தில் நீளக் கோடாகப் படிந்திருந்தது. அடுத்த வாடகைக்கு நேரமாகிறதே என்று அவருடைய மைந்தன் வண்ணப்பூச்சுக்குக் கலக்கும் தின்னரை எடுத்துச் சீலையில் நனைத்துத் தேய்த்தான். பசை போயிற்று. அதனோடு ஆசனத்தின் நிறமும் மினுக்கமும் சீலைக்கு வந்துவிட்டன. அவ்வாசனத்தைக் குஷன் கடையிற் புதிதாகப் போர்த்துவதற்கு அவர் கொடுத்த பணம், அந்தக் கலியாணத்திற் பெற்ற கூலியைப்போற் பன்மடங்கு. தந்தைக்கு உதவ எண்ணிய பிள்ளையை நாம் எவ்வாறு நொந்துகொள்வது? அவனுக்கு ஊக்கம் இருந்தது. ஒரு சிறு விளக்கம் மாத்திரம் இருக்கவில்லை. அவ்விளக்கத்தைத் தருவதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

ஒட்டு நாடாவின் வரலாற்றிலே ஒரு வேடிக்கை உண்டு. அது பிறந்ததே கார்களின் பொருட்டாகும். 1920 களில் அமெரிக்காவிலே கார்களுக்கு இரு நிறம் பூசும் நாகரிகம் பரவியது. ஒரு நிறத்தைப் பூசும்போது மற்றப் பகுதியை மறைப்பதற்குத் தொழிலாளர் கடுதாசியைப் பசைகொண்டு ஒட்டினர். உரிக்கும்போது புதிய வண்ணமும் சேர்ந்து உரிந்தது. இதனைக் கண்ட ரிச்சர்ட் துரூ என்பவர், 3எம் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர், மெல்ல ஒட்டி மெல்லப் பிரியும் நாடாவை 1925 ஆம் ஆண்டில் ஆக்கினார். ஒளிபுகும் செலோபேன் நாடா 1930 இல் அவராலேயே ஆக்கப்பட்டது. காரின் வண்ணத்தைக் காக்கப் பிறந்த நாடாவின் வழித்தோன்றலே இன்று காரின் ஆசனத்தைக் கெடுக்கின்றது.

கெடுப்பது நாடாவின் குற்றமன்று. நாம் அதனை அங்கே விட்டுவைக்கும் காலத்தின் குற்றம். இந்நாடாவின் பசை, கோந்தைப்போல உலர்ந்து இறுகுவதன்று. இறப்பர் போன்றதொரு பல்பகுதியத்தோடு பிசின் சேர்த்து ஆக்கிய அது, எப்பொழுதும் பாதி நீர்மையாகவே இருக்கும். விரலால் அழுத்தியவுடன் மேற்பரப்பின் மேடு பள்ளங்களிற் பரவிப் பற்றிக்கொள்ளும். நண்பகலில் வெயிலிலே நிறுத்திய காரின் ஆசனம் 50 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறக்கூடியது. அச்சூட்டிற் பசை மேலும் இளகி, துணியின் இழைகளுக்கும் தோலின் வரிகளுக்கும் இடையே இறங்கிவிடும். நாட்செல்ல ஒளியும் காற்றும் அதனை மாற்றி இறுகச் செய்யும். பின்னர் நாடாவை இழுத்தால் மேற்றாள் மாத்திரம் கையோடு வரும். பசை அங்கேயே தங்கும். எனவே, முதல் விதி இது: அன்று ஒட்டியதை அன்றே நீக்குக. ஒருநாட் பசைக்கு விரல் போதும். ஒருவருடப் பசைக்கு ஒரு விடுமுறை நாளே வேண்டும்.

இனி, நீக்கத் தொடங்குமுன் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டும். ஒட்டியிருப்பது என்ன பசை? அது ஒட்டியிருப்பது என்ன பொருளின்மீது?

முதல் வினாவுக்கு நம் இல்லங்களிலே பழைய விடையொன்று உண்டு. பலாப்பழம் வெட்டுமுன் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வது நம் அன்னையர் வழக்கம். பலாப்பால் எத்துணை நீரூற்றினும் போகாது. எண்ணெய் பட்டவுடன் கழன்றுவிடும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பதே இதன் இரசாயனம். நீரை விரும்பும் பொருள் நீரிற் கரையும். நெய்ப்பொருள் நெய்யிற் கரையும். சீனிப் பாகு, குளிர்பானம், ஐஸ்கிறீம் ஆகியன முதல் வகை. அவற்றுக்கு இளஞ்சூட்டு நீரும் சிறிது சவர்க்காரமும் போதும். பால் கலந்தவற்றுக்குக் கொதிநீர் ஆகாது. சூட்டிற் புரதம் திரைந்து இழையைப் பற்றிக்கொள்ளும். நாடாவின் பசை, படங்களின் பசை, பலாப்பால் ஆகியன இரண்டாம் வகை. அவை எண்ணெய்க்கே இணங்கும். சுவிங்கமோ குளிருக்கு இணங்கும்.

மாணவர்கள் இதனைக் கண்ணாரக் காணலாம். நன்கு ஊதிய பலூன் ஒன்றின்மீது தோடம்பழத் தோலை மடித்துப் பிதுக்குக. தோலிலிருந்து சீறும் எண்ணெய்த் துளிகள் பட்டதும் பலூன் வெடிப்பதைப் பெரும்பாலும் காணலாம். அவ்வெண்ணெயின் பெரும் பகுதியான லிமனீன் என்னும் பொருள் இறப்பரை இளக்கிவிடுவதே காரணம். கடைகளில் விற்கும் பசைநீக்கிகள் சிலவற்றில் இப்பொருளே உள்ளது. சோதனை செய்யுமிடத்து முகத்தைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்க. துளி கண்ணிற் பட்டால் எரியும்.

இரண்டாம் வினாவே பெரிதும் மறக்கப்படுவது. சாரதியின் மைந்தன் மறந்ததும் அதனையே. நாடாவின் பசை ஒரு பல்பகுதியம். ஆசனத்தின் மேற்பூச்சும் பெரும்பாலும் ஒரு பல்பகுதியம். இரண்டும் தூரத்து உறவினர். ஒன்றைக் கரைக்கும் திரவம் மற்றதனையும் கரைத்துவிடக்கூடும். பசை கரைவதற்கும் ஆசனம் கரைவதற்கும் இடையே இருப்பது சிறியதோர் இடைவெளி. அவ்விடைவெளியிலே கைவைப்பதுதான் இவ்வேலையின் நுட்பம்.

காரின் ஆசனங்கள் பெரும்பாலும் நான்கு வகையின. முதலாவது உண்மைத் தோல். இக்காலத் தோலாசனங்களிற் பெரும்பாலானவற்றுக்கு மேலே நிறமும் மெல்லிய காப்புப் பூச்சும் உண்டு. மறைவிடத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்க. துளி உருண்டு நின்றால் பூச்சுடையது. உட்சென்று கருத்தால் பூச்சற்றது. பூச்சற்ற தோல் எண்ணெயையும் அவ்வாறே குடித்துக் கறைபடும். அதற்கு எண்ணெய் ஆகாது.

இரண்டாவது றெக்சின் என்று நாம் வழங்குவது. இப்பெயர் இங்கிலாந்தில் மன்செஸ்ரருக்கு அருகேயிருந்த ஒரு தொழிலகத்தின் வணிகப் பெயராக இருந்து, பின்னர்ப் போலித் தோல் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. பழைய றெக்சின், துணியின்மீது நைத்திரோசெலுலோசுப் பூச்சிட்டு ஆக்கப்பட்டது. நகப்பூச்சுக்களின் அடிப்படையும் பெரும்பாலும் அதே பொருளாதலின், நகப்பூச்சை அழிக்கும் அசற்றோன் பழைய றெக்சினையும் அழிக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இன்று அப்பெயரால் வழங்குவது பெரும்பாலும் வினைல். அசற்றோனும் தின்னரும் அதனையும் இளகச் செய்து மினுக்கத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது பொலியெஸ்ரர் முதலிய இழைகளால் நெய்த துணியும் வெல்வெற்றும். நான்காவது மான்தோல் போல மென்மயிர் படர்ந்த செயற்கைத் துணி. விலையுயர்ந்த கார்களிற் காணப்படுவது. இவ்வகையிற் பேர்பெற்ற அல்கந்தாரா, 1970 ஆம் ஆண்டில் யப்பானியரான மியோஷி ஒகாமொற்றோ கண்டறிந்த நுண்ணிழையிலிருந்து தோன்றியது. தொடுவதற்கு எவ்வளவு இனியதோ, கெடுவதற்கும் அவ்வளவு எளியது.

ஒரே ஆசனத்தில் இருக்கும் பகுதி தோலாகவும் பக்கங்கள் வினைலாகவும் அமைவதுண்டு. ஆதலின் காருடன் வந்த கைந்நூல் இருந்தால் அதனைப் பார்த்துக்கொள்வது நன்று.

இனிச் செய்முறை. மென்மையானதிலிருந்து வன்மையானதை நோக்கிப் படிப்படியாகச் செல்லவேண்டும். பசை எப்படியிற் போகின்றதோ அப்படியிலே நின்றுவிடவேண்டும்.

முதற்படி, உலர்ந்த முறை. காரை நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைக்க. பசையை விரல் நுனியால் மெல்ல உருட்டினால் ஒரு பகுதி திரண்டு வரும். பின்பு புதிய நாடாத் துண்டொன்றைப் பசையின்மீது அழுத்தி உடனே உயர்த்துக. முள்ளை முள்ளால் எடுப்பதுபோலப் பசை பசையோடு போகும். மென்மயிர்த் துணியில் இவ்வாறு செய்யும்போது மயிர் சாய்ந்துள்ள திசையிலேயே மெல்ல எடுக்கவேண்டும். சுவிங்கமாயின் ஐஸ்கட்டியைப் பொலித்தீன் பையிலிட்டு 10 அல்லது 15 நிமிடம் அதன்மேல் வைத்திருக்க. குளிரில் அது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். மழுங்கிய பிளாஸ்ரிக் அட்டையின் ஓரத்தால் தூக்கிவிடலாம். கத்தியை அருகில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இரண்டாம் படி, சவர்க்கார நீர். அரை லீற்றர் இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலக்குக. குழந்தைகளின் சம்பூவும் ஆகும். வெள்ளைச் சீலையை அதில் நனைத்து நன்கு பிழிந்து ஒற்றியெடுக்க. நிறச் சீலையின் சாயம் ஆசனத்துக்கு ஏறக்கூடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செல்க. நடுவிலிருந்து தேய்த்தால் கறை அகலும். எந்தத் திரவத்தையும் ஆசனத்தின்மீது நேரே ஊற்றலாகாது. பஞ்சுவரை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அன்றியும், இக்காலக் கார்களின் ஆசனத்தினுள்ளே ஆளிருப்பதை அறியும் உணரிகளும், சிலவற்றில் விபத்துக்காலத்தில் விரியும் காற்றுப் பைகளும் உள. அவற்றை நனைப்பது உயிர்க்காப்பை நனைப்பதாகும்.

மூன்றாம் படி, எண்ணெய். இது பூச்சுடைய தோலுக்கும் வினைலுக்கும் நெய்த துணிக்கும் உரியது. மென்மயிர்த் துணிக்கும் பூச்சற்ற தோலுக்கும் உரியதன்று. தொடங்குமுன் ஆசனத்தின் அடிப்புறத்தில் ஒரு சிறு இடத்திற் பூசித் துடைத்து, உலரும்வரை காத்திருந்து பார்க்க. நிறம் மாறாவிடின், இரண்டு மூன்று துளி தேங்காயெண்ணெயைச் சீலையில் எடுத்துப் பசையின்மேல் மாத்திரம் தடவி 5 முதல் 10 நிமிடம் விடுக. நுவரெலியாவில் வாழும் அன்பர்கள் போத்தலைச் சற்று இளஞ்சூட்டு நீரில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 24 பாகையில் அவ்வெண்ணெய் உறைந்துவிடும். பசை இளகியபின் துடைத்து, உடனேயே சவர்க்கார நீரால் ஒற்றி எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும். துணியில் எண்ணெய் ஊறியிருப்பின் முகத்துக்குப் பூசும் பவுடரையோ சோளமாவையோ தூவிச் சில மணிநேரம் விட்டால் அது எண்ணெயை உறிஞ்சும். பின்னர்த் தூரிகையால் தட்டிவிடலாம். எண்ணெயை விட்டுவைத்தால் பசை போன இடத்தில் தூசி குடியேறும்.

நான்காம் படி, ஐசோபுரொப்பைல் அற்ககோல். கொரோனாக் காலத்திலிருந்து கைகளைத் தூய்மையாக்கும் அற்ககோற் திரவங்கள் பல வீடுகளில் உள்ளன. ஆயின், பாகு போன்றவற்றில் வேறு பொருள்களும் கலந்திருத்தலால், மருந்துக்கடையிற் கிடைக்கும் தூய 70 சதவீதத் திரவமே ஏற்றது. துணியிலும் வினைலிலும் மேற்கூறிய சோதனை செய்தபின் சிறிது பஞ்சில் தொட்டு ஒற்றலாம். தோலுக்கு வேண்டாம், அதன் நிறத்தையே அது எடுத்துவிடக்கூடும். இது தீப்பற்றும் திரவமாதலின், கதவுகள் திறந்திருக்கவேண்டும். சுருட்டும் நெருப்புப்பெட்டியும் அயலில் இருக்கலாகாது.

மென்மயிர்த் துணியைப் பொறுத்தவரை உலர்ந்த முறையும் பிழிந்த ஈரச் சீலையுமே நாம் வீட்டிற் செய்யத்தக்கவை. காய்ந்தபின் மென்மையான தூரிகையால் மயிரை நிமிர்த்திவிடுக. அதற்கும் போகாதது எஞ்சின், பழகிய கையிடம் கொடுப்பதே சிக்கனம்.

நான்கு படியிலும் போகாத பசையின் முன்னே ஐந்தாவது படியாகப் பலர் கருதுவது பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் ஆகும். 1990 களில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் கிடையாதிருந்தபோது, பழைய ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓடச்செய்தவர் நம்மவர். அக்கைத்திறன் போற்றற்குரியது. ஆயினும் இயந்திரத்துக்கு ஏற்றது ஆசனத்துக்கும் ஏற்கும் என்பதில்லை. மண்ணெண்ணெய் பஞ்சிலிறங்கினால் நாற்றம் பல மாதம் நீங்காது. பெற்றோலோ அதனினும் கொடிது. அதன் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும். காற்றிலும் கனமாதலின் காரின் தளத்திலே தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். அதிலடங்கிய பென்சீன் புற்றுநோயை விளைவிப்பது. பிள்ளைகள் அமரும் இடத்தில் அதனைப் பூசுவது, கறையை நீக்கக் கேட்டை வரவழைப்பதாகும். ஒரு தழும்பு எஞ்சினாலும் எஞ்சுக. ஐந்தாவது படி வேண்டாம்.

இன்னொன்றும் கூறவேண்டும். சில பழைய கார்களில் எவரும் எதுவும் ஒட்டாதிருக்கவே ஆசனமும் கதவின் பிடியும் பிசுபிசுக்கும். அது வெளியிலிருந்து வந்த பசையன்று. வினைலை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த நெகிழ்வாக்கி வெளிவருவதாலோ, பொலியூரித்தேன் பூச்சு நம் நாட்டின் ஈரக்காற்றிற் சிதைவதாலோ அது நிகழ்கின்றது. மெல்லிய சவர்க்கார நீர் சிறிதுகாலம் ஆறுதல் தரும். தேய்க்கத் தேய்க்க இல்லாதுபோவது அப்பூச்சேயாதலின், அங்கே பலத்தைக் காட்டுதல் தகாது. உறையொன்று போடுவதே தக்கது. கறைக்கும் முதுமைக்கும் வேறுபாடு அறிதல் இவ்விடத்தும் நன்று.

வருமுன் காப்பதோ எல்லாவற்றிலும் எளிது. கலியாணக் காரின் உள்ளே நாடாவை ஒட்டாமல் கட்டுங்கள். ஆசனத்தின் தலைதாங்கியைச் சுற்றி நூலாற் கட்டிய பூச்சரம், ஒட்டியதனினும் அழகாகவே தொங்கும். அவிழ்க்கும்போது ஒரு சுவடும் இராது. பலாப்பழத்தைப் பழைய சாக்கில் வைத்து ஏற்றுங்கள். வாடகைக் காரானால், இறங்குமுன் பின்னாசனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஒட்டியது ஏதேனும் இருந்தால் சாரதியிடம் சொல்லிவிடுங்கள். அன்றே அறிந்தால் அவர் விரலாலே எடுத்துவிடுவார். மறைத்துச் சென்றால் அவர் கூலியிலிருந்து எடுக்கவேண்டிவரும்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. வீட்டிலே பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைக்கும்போது, துணியின் வகையை அறிதல், மறைவிடத்திற் சோதித்தல், மென்மையானதை முதலிற் கைக்கொள்ளல் ஆகிய மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். எண்ணெய்ப் போத்தலை அவர்கள் கையிற் கொடுப்பது அதன் பின்னரே ஆகுக.